மார்கழிக் குளிரில் தார் ஒட்டாதா? பாதியில் நிற்கும் சாலை, 400 மீட்டர் ஒற்றைப் பாதை

ராகிக்களி (கேள்வி)

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு தாலுகாவில் ஒரு மாவட்ட இதரச் சாலை. 3.75 மீட்டர் அகலத்தை 5.5 மீட்டராக ஆக்கும் வேலை, மொத்தம் 4 கி.மீ. இன்றைய நிலவரம்: இடப்பக்கம் மட்டும் 1.75 மீட்டர் அகலத்துக்குத் தோண்டி, 600 மீட்டருக்கு வெட் மிக்ஸ் (தண்ணீர் சேர்த்துக் கலந்த ஜல்லி அடுக்கு) போட்டு ரோலர் ஓட்டியாகிவிட்டது. அடுத்த 500 மீட்டர் வெறும் பள்ளம், முழங்கால் ஆழம். பள்ளம் முடியும் இடத்தில் ஓடைக் கல்வெர்ட்டை (சிறுபாலத்தை) இடித்து, பாதி அகலத்துக்குச் சென்டரிங் அடித்துக் கம்பி கட்டி வைத்திருக்கிறார்கள். கல்வெர்ட்டும் அதை ஒட்டிய பள்ளமும் சேர்ந்து 400 மீட்டருக்கு ஒரு வண்டி மட்டும்தான் போக முடியும்.

காலை 7 முதல் 9 வரை பள்ளி வேன், ஓசூர் கம்பெனி பஸ், தக்காளி ஏற்றிய பிக்கப், பால் வண்டி எல்லாம் அங்கேதான் முட்டிக்கொள்கின்றன. கொடி காட்ட ஆள் நிற்கும் நாளில் 5 நிமிடக் காத்திருப்பு. ஆள் இல்லாத நாளில் 20, 25 நிமிடம்.

சைட்டில் சொல்வது: "ஐப்பசி கார்த்திகை மழை, அப்புறம் மார்கழி குளிரு, குளிர்ல தார் ஒட்டாது. தை பொறந்தாதான் தார்." இதில் எவ்வளவு உண்மை? அதுவரைக்கும் போட்ட வெட் மிக்ஸ் தாங்குமா? நெரிசலைக் குறைக்க அங்கேயே ஏதாவது செய்யச் சொல்ல முடியுமா, யாரிடம் சொல்ல வேண்டும்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

---

தார்ச்சட்டி

குளிர் பற்றி மட்டும் முதலில். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பில் தார்க் கலவை போடக்கூடாத நிலைமைகள் எழுதியே இருக்கின்றன. தளத்தில் தண்ணீர் நின்றால், தளம் ஈரமாக இருந்தால், மழை பெய்தாலோ வரும்போலிருந்தாலோ, மூடுபனி இருந்தால், காற்று மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் அடித்தால் போடக்கூடாது. வெப்பநிலைக் கணக்கு சாதாரணத் தாருக்கு 10 டிகிரி செல்சியஸ், ரப்பரோ பாலிமரோ கலந்த தாருக்கு 15 டிகிரி. அதற்குக் கீழே போனால்தான் நிறுத்த வேண்டும். பாலக்கோட்டில் மார்கழிப் பகலில் எந்த நாளும் 10 டிகிரிக்கு இறங்காது. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் விடியற்காலையில் குளிரும், அங்கேயும் 10 மணிக்கு வெயில் வந்துவிடும். ஆக, "குளிர்ல தார் ஒட்டாது" என்பது நம் மாவட்டத்துக்குச் சாக்கு.

சாக்கு என்றாலும் அதற்குள் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. மார்கழியில் தாரைக் கெடுப்பது பனி ஈரம். காலை 8, 9 மணிவரை பழைய தார்ப்பரப்பிலும் வெட் மிக்ஸிலும் ஈரம் இருக்கும். அதன்மேல் எமல்ஷன் (தண்ணீரில் கரைத்த தார்) தெளித்தால் பழுப்பு நிறம் கறுப்பாக மாறவே மாட்டேன் என்னும். மாறாத எமல்ஷன்மேல் கலவையைக் கொட்டினால் இரண்டு அடுக்கும் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். ஆறு மாதத்தில் பஸ் பிரேக் போடும் இடத்தில் மேல்தோல் சுருட்டிக்கொண்டு வரும். செய்தித்தாளை விரித்து ஏறி மிதித்துப் பாருங்கள். தாளில் ஈரம் ஊறினால் இன்னும் காத்திருக்க வேண்டும். நடைமுறையில் 10 மணிக்குத் தொடங்கி 4 மணிக்குள் கடைசி டிப்பர் காலியாகிவிட வேண்டும்.

அடுத்தது சூடு. வி.ஜி.30 தரத் தார் என்றால் பிளான்ட்டில் கலவை 150–165 டிகிரி, பேவர் விரிக்கும்போது குறைந்தது 140, ரோலர் வேலை 90க்குக் கீழே இறங்குவதற்குள் முடிய வேண்டும். இதில் அடுக்கின் கனம்தான் எஜமான். 30 மி.மீ. மேலடுக்கு 50 மி.மீ. அடுக்கைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் ஆறிவிடும். குளிர்ந்த தரை, கொஞ்சம் காற்று இரண்டும் சேர்ந்தால் 30 மி.மீ. அடுக்குக்கு ரோலர் பேவரின் வாலைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து ஓட்டினால் மேலே பளபளப்பு வரும், உள்ளே அடர்த்தி வராது. அடுத்த மழையில் அந்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் இறங்கும்.

பிளான்ட் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தால் டிப்பரைத் தார்ப்பாயால் மூடாமல் கொண்டுவரக்கூடாது. மூடாமல் வந்தால் மேலே கலவை ஓடு கட்டி, பேவரில் கட்டி கட்டியாக விழும். லோடு இறக்கும்போது நீலப்புகை வந்தால் தார் கருகியிருக்கிறது. ஆவியே வராமல் விறைப்பாக மலைபோல நின்றால் ஆறிப்போனது. இரண்டும் திருப்பி அனுப்ப வேண்டிய லோடுதான்.

---

பக்கமண்

தார்ச்சட்டி சொன்னதோடு சேர்த்து, உங்கள் சாலைக்கு உண்மையான எதிரி ஐப்பசி. வடகிழக்குப் பருவமழை முடியும்வரை திறந்து கிடக்கப்போவது எது, மூடப்படப்போவது எது என்று பிரித்துப் பாருங்கள்.

முதலில் அந்த 500 மீட்டர் பள்ளம். அரை மீட்டர் ஆழம் என்று வைத்தால் 500 × 1.75 × 0.5, அதாவது 437 கன மீட்டர். நிரம்பினால் நாலு லட்சத்து முப்பத்தேழாயிரம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கரில் 36 நடை. அவ்வளவு தண்ணீரும் பழைய சாலையின் அடிவயிற்றை ஒட்டி நிற்கும். பழைய சாலையின் ஓரம் தானாகச் சரிந்து விழும், அங்கே ஒற்றைப் பாதை இன்னும் அரையடி குறுகும். நெரிசலுக்கும் இதுதான் வேர்.

தோண்டிய அன்றைக்கே ஜி.எஸ்.பி. (வெட் மிக்ஸுக்கு அடியில் வரும் சரளை அடுக்கு) போட முடியாத நீளத்தைத் தோண்டவே கூடாது என்பது அகலப்படுத்தும் வேலையின் பாலபாடம். தோண்டியாகிவிட்டது, இனி என்ன செய்வது? தாழ்வான பக்கம் பார்த்து 20–25 மீட்டருக்கு ஒன்றாக, பக்கமண்ணைக் குறுக்கே வெட்டி ஓர் அடி அகல வடிகால் விட வேண்டும். பள்ளத்தின் அடியைவிட வடிகாலின் அடி தாழ்வாக இருந்தால்தான் வெட்டியதற்குப் பலன். ஜே.சி.பி.க்கு ஒரு நாள் வேலை. கல்வெர்ட் பக்கத்து 200 மீட்டரை மட்டுமாவது மழைக்கு முன் ஜி.எஸ்.பி., வெட் மிக்ஸ் இரண்டும் போட்டுச் சாலை மட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒற்றைப் பாதை 400 மீட்டரிலிருந்து 200 ஆகிவிடும்.

இங்கே ஒரு சிக்கலைக் கவனித்தீர்களா? பள்ளம் 1.75 மீட்டர். 10, 11 டன் அதிர்வு ரோலரின் டிரம் அகலமே 2.1 மீட்டர். பள்ளத்துக்குள் இறங்காது. ஒரு சக்கரம் பழைய சாலைமேலும் மறுபக்கம் பள்ளத்துமேலும் ஓடினால், அமுங்குவது பழைய சாலை. புது மண் அப்படியே கிடக்கும். சரியான முறை, பழைய சாலையின் நொறுங்கிய ஓரத்தை 40 செ.மீ. உள்ளே வெட்டி, படி படியாக இறக்கி, 2.15 மீட்டர் அகலமாக்குவது. கெட்டுப்போன ஓரமும் போய்விடும், ரோலரும் இறங்கும். அப்படிச் செய்யாமல் சின்ன ரோலரில் அழுத்துகிறார்கள் என்றால் ஒவ்வொரு அடுக்கும் 10 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. 20 செ.மீ. கொட்டிச் சின்ன ரோலர் ஓட்டினால் அடியில் பாதி வெறும் ஜல்லிக் குவியல்தான். அடுத்த வருடம் புதிய ஓரம் முழுக்க நீளவாக்கில் ஒரு வெடிப்பு வரும்; கரும்பு டிராக்டர் போகப் போக அது சக்கரத்தடமாகும்.

இப்போது 600 மீட்டர் வெட் மிக்ஸ். வெட் மிக்ஸ்மேல் வண்டி விடவே கூடாது என்றுதான் விதி. காய்ந்து, மேலே தார் அடுக்கு வந்த பிறகே போக்குவரத்து. மழை பெய்யும்போது வண்டி ஓடினால் சக்கரம் ஜல்லிக்கு இடையில் இருக்கும் பொடியை உறிஞ்சி வெளியே தள்ளும். பொடி போனால் ஜல்லிக்குப் பிடி இல்லை. இரண்டு மழையில் குழி, நாலு மழையில் ஜல்லி உருண்டை உருண்டையாகச் சாலை நடுவில், இருசக்கர வண்டிக்காரன் கீழே.

பிரைமர் அடிக்கலாம். மெதுவாக உறையும் எஸ்.எஸ்.1 எமல்ஷன், சதுர மீட்டருக்கு 0.7 முதல் 1 கிலோ. ஓரம் வெட்டி 2.15 மீட்டராக்கியிருந்தால் 600 × 2.15, அதாவது 1,290 சதுர மீட்டர், 0.8 கிலோ கணக்கில் சுமார் 1,030 கிலோ, 200 கிலோ டிரம்மில் 5 டிரம் சொச்சம். 24 மணி நேரம் மழை இல்லாமல் ஊற வேண்டும். பிறகு கல் பொடி தூவி மெதுவாக வண்டி விட்டால் கார்த்திகையைத் தாண்டிவிடலாம்.

---

தார்ச்சட்டி

பக்கமண் அண்ணா, கடைசிப் பத்தியில் எனக்கு உடன்பாடில்லை. பிரைமர் தண்ணீரைக் கொஞ்ச நாள் தடுக்கும், சக்கரத்தைத் தடுக்காது. கம்பெனி பஸ்ஸும் தக்காளி லோடும் ஓடினால் பத்து நாளில் உரிந்துவிடும். பிறகு தார் போடும்போது அந்த உரிந்த தோலைச் சுரண்டுவது தனி வேலை.

50 மி.மீ. டி.பி.எம். (அடர்த்தியான தார்-ஜல்லி அடுக்கு) போட்டு விட்டுவிடலாம் என்பது என் கணக்கு. 1,290 சதுர மீட்டர் × 0.05 என்றால் 64.5 கன மீட்டர், டன்னில் ஏறத்தாழ 150. பத்து டன் டிப்பரில் 15 நடை. நடுத்தர பிளான்ட்டுக்கு இரண்டு மணி நேர உற்பத்தி. பிரைமர் அடித்த மறுநாள் மழை இல்லாத ஒரே ஒரு பகல் போதும். ஐப்பசியிலும் அப்படி நாள் கிடைக்கும். ஒரு தொந்தரவு: பேவர் ஸ்கிரீடின் (கலவையைச் சமப்படுத்தும் தட்டு) குறைந்த அகலம் பெரும்பாலும் 2.5 மீட்டர். 2.15 மீட்டருக்கு, அகலத்தைக் குறைக்கும் கட்-ஆஃப் ஷூ மாட்ட வேண்டும், அல்லது சின்ன பேவர் வேண்டும். அது இல்லாததால்தான் தை வரை தள்ளுகிறார்களோ என்று ஒரு சந்தேகம். "பேவர் எங்கே நிற்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள், குளிர் காணாமல் போய்விடும்.

டி.பி.எம்.முக்குப் பதில் பி.எம். (இடைவெளி அதிகமுள்ள தார்-ஜல்லி அடுக்கு) போட்டால் கதை வேறு. அது சல்லடை. 48 மணி நேரத்துக்குள் அதன்மேல் அடுத்த அடுக்கு வந்தாக வேண்டும், தவறினால் சீல் கோட் (துளையடைக்கும் தார்ப் பூச்சு) போடாமல் வண்டி விடக்கூடாது.

---

பக்கமண்

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஓடுகிற சாலை என்றால் டி.பி.எம்.தான் மேல். பேவர் வராவிட்டால் மட்டும் பிரைமரும், அந்தப் பட்டையில் வண்டி ஏறாமல் டிரம் வரிசையும்.

போடுவதற்கு முன்னால் மட்டத்தைப் பாருங்கள். ஒரே பக்கம் அகலப்படுத்தும்போது சாலையின் முதுகு நடுவில் இருக்காது. பழைய முதுகு வலது ஓரத்திலிருந்து 1.875 மீட்டரில். புதிய நடு 2.75 மீட்டரில் வர வேண்டும். 2.5 சதவீதச் சரிவுக்குக் கணக்குப் போட்டால் புதிய நடுக்கோட்டில் பழைய பரப்பு 4.4 செ.மீ. தாழ்வாக நிற்கும். அதை, மட்டம் சரிசெய்யும் தார் அடுக்கான ப்ரொஃபைல் கரெக்‌ஷன் போட்டுத் தூக்காமல் முழு அகலத்துக்கும் ஒரே கனத்தில் தார் விரித்தால், பழைய சாலையும் புதுப் பட்டையும் சேரும் கோட்டில் வாய்க்கால்போலத் தண்ணீர் நிற்கும். முதல் தூறலில் போய்ப் பாருங்கள். நீளவாக்கில் ஈரக்கோடு தெரிந்தால் அங்கேதான் வெடிக்கும். சோதிக்க லெவல் கருவி வேண்டாம். இரண்டு ஓரத்திலும் ஒரே உயரத்தில் நூலை மட்டமாகப் பிடித்து, நடுவிலும் ஓரத்திலும் நூலுக்குக் கீழே எவ்வளவு என்று அளந்தால் போதும். 5.5 மீட்டர் சாலைக்கு ஓரத்துக்கும் நடுவுக்கும் 7 செ.மீ. வித்தியாசம் வர வேண்டும்.

மழையில் ஊறிய பள்ளத்தில் அப்படியே ஜல்லி கொட்டுவதையும் விடாதீர்கள். சேற்றை வழித்து எறிந்துவிட்டு, காயவிட்டு, லோடு ஏற்றிய டிப்பரை மெதுவாக ஓட்ட வேண்டும். சக்கரத்துக்குப் பின்னால் மண் அலைபோல நெளிந்தால் இன்னும் காயவில்லை. நெளியும் மண்மேல் எத்தனை அடுக்குப் போட்டாலும் நெளிவு மேலே வந்துவிடும்.

---

பச்சைக்கொடி

நெரிசல் கணக்கை நான் சொல்கிறேன். ஒற்றைப் பாதையின் நீளம்தான் காத்திருப்பைத் தீர்மானிக்கிறது. வண்டி எண்ணிக்கை அதற்குப் பிறகுதான்.

400 மீட்டரை 20 கி.மீ. வேகத்தில் கடக்க 72 வினாடி. ஒரு பக்கத்துக்கு 2 நிமிடம் பச்சைக்கொடி, பிறகு கடைசி வண்டி வெளியேற 72 வினாடி, எதிர்ப்பக்கத்துக்கும் அதே. முழுச் சுற்று 384 வினாடி. 3 வினாடிக்கு ஒரு வண்டி கிளம்பினால் ஒரு சுற்றில் ஒரு பக்கம் 40 வண்டி, மணிக்கு 375. சிவப்புக்கொடி விழுந்த நொடியில் வந்து சேரும் வண்டி அதிகபட்சம் 264 வினாடி நிற்கும். நீங்கள் சொன்ன அந்த 5 நிமிடம் இதுதான்.

பக்கமண் சொன்னபடி 200 மீட்டராக்கினால் கடக்க 36 வினாடி. பச்சை 75 வினாடி போதும். சுற்று 222 வினாடி, ஒரு பக்கம் மணிக்கு 405 வண்டி, அதிகபட்சக் காத்திருப்பு 147 வினாடி. வண்டியும் கூடுதலாகப் போகிறது, காத்திருப்பும் பாதியாகிறது. செலவு 200 மீட்டர் பள்ளத்தை நிரப்புவது. எப்படியும் நிரப்ப வேண்டிய பள்ளம்தானே.

இந்தக் கணக்கைக் கவிழ்ப்பது மெதுவாகப் போகும் வண்டி. கரும்பு ஏற்றிய டிராக்டர் 8 கி.மீ. வேகத்தில் போனால் 400 மீட்டருக்கு 3 நிமிடம். அரவை தொடங்கிவிட்டால் அது அடிக்கடி வரும். டிராக்டரை ஒவ்வொரு சுற்றிலும் வரிசையின் கடைசியில் விட வேண்டும், முன்னால் விட்டால் பின்னால் 39 வண்டியும் 8 கி.மீ.யில்தான்.

கொடிக்காரர் இரண்டு முனையிலும் வேண்டும், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத இடத்தில் வாக்கி-டாக்கி வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் பழைய உபாயம்: இந்தப் பக்கத்திலிருந்து போகும் கடைசி வண்டிக்காரர் கையில் ஒரு சிவப்புக்கொடியைக் கொடுத்து அனுப்புவது. அந்தக் கொடி வந்து சேராமல் எதிர்முனைக்காரர் பச்சை காட்டக்கூடாது. ரயிலில் டோக்கன் கொடுப்பது மாதிரி. கொடிக்காரர் வேலை காலை 6.30க்கே தொடங்க வேண்டும். பல இடங்களில் வேலையாட்கள் வரும் 9 மணிக்குத்தான் கொடிக்காரரும் வருகிறார், நெரிசல் முடிந்த பிறகு.

இரண்டு வரிசை கட்டுவதுதான் 25 நிமிடம் ஆகக் காரணம். வரிசையில் நிற்காமல் வலப்பக்கம் ஏறி முன்னால் வந்து நிற்கும் ஒரு கார், எதிரே வெளியே வரும் பஸ்ஸுக்கு வழி அடைத்துவிடும். முனையிலிருந்து 30 மீட்டருக்குச் சாலை நடுவில் கூம்பு வரிசை வைத்தால் யாரும் வலப்பக்கம் ஏற முடியாது. 20 கூம்பு, ஒன்றரை மீட்டருக்கு ஒன்று.

எச்சரிக்கைப் பலகை பற்றி இந்திய சாலைகள் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. எஸ்.பி.55 வழிகாட்டியில் இருக்கிறது. வண்டிகள் 50 கி.மீ. வேகத்துக்குள் வரும் சாலை என்றால் முன்னெச்சரிக்கைப் பகுதி 100 மீட்டர், ஒடுங்கும் பகுதி 50 மீட்டர். பள்ளத்துக்கு ஐந்தடி முன்னால் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் அது எச்சரிக்கை ஆகாது.

---

ராகிக்களி

எல்லாருக்கும் நன்றிங்க. கல்வெர்ட் பற்றி யாரும் சொல்லவில்லையே? 3 மீட்டர் இடைவெளி, ஸ்லாப் போடப்போகிறார்கள். கம்பி கட்டி 20 நாள் ஆச்சு, துரு ஏறிக்கிடக்கிறது. கான்கிரீட் போட்டு எத்தனை நாளில் வண்டி விடலாம்? மீதிச் சாலையில் இருக்கும் குழிகளை மழைக்காலத்தில் மூட வழி உண்டா?

---

ஓடைக்கரை

கம்பியில் மஞ்சளாகப் பொடித்துரு என்றால் பயமில்லை. செதில் செதிலாக உதிர்ந்தால் கம்பித் தூரிகை போட்டுத் தேய்க்க வேண்டும். கட்டுக்கம்பி அறுந்திருக்கிறதா, கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் இடம் பெயர்ந்திருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். 20 நாளாக ஆட்கள் அதன்மேல் நடந்திருப்பார்கள்.

பெரிய ஆபத்து சாரம். ஓடை மணல்மேல் முட்டுக்கால் ஊன்றியிருந்தால், கான்கிரீட் ஊற்றிய இரவு ஓடையில் வெள்ளம் வந்தால் முட்டு அமுங்கும், ஸ்லாப் தொங்கிவிடும். முட்டுக்கால் ஒவ்வொன்றுக்கும் அடியில் பலகை அல்லது பழைய கான்கிரீட் துண்டு வேண்டும், ஓடையின் ஒரு பக்கமாவது தண்ணீர் தடையில்லாமல் போக வழி வேண்டும். மேல்பக்கம் ஏரி நிரம்பிக் கலிங்கு ஓடும் நிலையில் இருந்தால் கான்கிரீட் தேதியைத் தள்ளிப்போடுவதே நல்லது. இங்கே மட்டும் தள்ளிப்போடச் சொல்வேன்.

ஊற்றும் நாளில் முழு ஸ்லாப்பையும் மூடும் அளவு பாலித்தீன் விரிப்பு முன்கூட்டியே சைட்டில் இருக்க வேண்டும். மழைத்துளி முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் விழுந்தால் மேல்பால் கழுவிக்கொண்டு போய்விடும். கழுவிய இடத்தில் உலர்ந்த சிமெண்டைத் தூவித் தேய்ப்பது வழக்கமான கைவேலை. அந்தத் தோல் ஒரு வருடத்தில் உரியும்.

நாள் கணக்கு: 4.5 மீட்டருக்குட்பட்ட ஸ்லாப்புக்கு ஐ.எஸ்.456 (கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை) முட்டு எடுக்க 7 நாள் சொல்கிறது. அது சாதாரண போர்ட்லேண்டு சிமெண்டுக்கு. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் ஆரம்பத்தில் மெதுவாகத்தான் வலுவேறும், ஆகவே 10 நாளாவது விடுங்கள். சாக்கு போட்டு நனைத்துவைப்பது 14 நாள். மழை பெய்கிறதே என்று தண்ணீர் ஊற்றாமல் விடுவதும் நடக்கும். கார்த்திகையில் மழை விட்ட நாளின் வெயிலும் காற்றும் ஸ்லாப்பை உலர்த்திவிடும். லோடு வண்டி 28 நாள் ஆகி, கனசதுரச் சோதனை முடிவு வந்த பிறகு. முட்டு எடுத்ததும் கார் மட்டும் விடுவோம் என்பார்கள், பின்னாலேயே டிப்பர் வரும்.

ஆக, தோண்டுவது முதல் திறப்பதுவரை ஒரு பாதிக்கு ஒன்றரை மாதம், இரண்டு பாதிக்கு மூன்று மாதம். இப்போது தொடங்கினால் தை வரை ஒற்றைப் பாதைதான். முன்வார்ப்புப் பெட்டி கல்வெர்ட் என்றால் வார்ப்பு யார்டிலேயே முடிந்துவிடும், சைட்டில் அடித்தளம் போட்டு இறக்க ஒரு பாதிக்குப் பத்து நாள் போதும். முதல் பாதிக்குக் கம்பி கட்டியாகிவிட்டது, இரண்டாம் பாதியைப் பெட்டியாக மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். அதற்கு வடிவமைப்பு ஒப்புதல் வேண்டும், உடனே நடக்காது.

திறந்த பிறகு கல்வெர்ட்டுக்கு இரு பக்கமும் வண்டி தூக்கிப் போட்டால் காரணம் சுவருக்குப் பின்னால் ஒரே மூச்சில் மண் தள்ளியது. 15 செ.மீ. அடுக்காகக் கிராவல் போட்டுக் கைக்கருவியால் இடித்து ஏற்ற வேண்டும். சுவரில் நீர்க்கசிவுத் துளைகள் அடைபடாமல் இருக்க வேண்டும்.

குழிக்கு: மூட்டையில் வரும் கோல்ட் மிக்ஸ் போதும், ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும். தண்ணீர் நிற்கும் குழியில் கொட்டினால் தாங்காது. குழியின் ஓரத்தைச் சதுரமாக, நேர்ச்சுவராக வெட்டி, தண்ணீரையும் சேற்றையும் வழித்து, எமல்ஷன் தடவி, 5 செ.மீ. அடுக்காகப் போட்டு இடித்து, சாலை மட்டத்துக்கு ஒரு செ.மீ. மேலே நிறுத்த வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி, 5 செ.மீ. ஆழக் குழிக்கு ஏறத்தாழ 40 கிலோ. குழியில் செம்மண் கிராவல் கொட்டுவது ஒரு நாள் கண்துடைப்பு. மறுநாள் அது சேறு.

---

கணவாய்க்காற்று

சுற்றிப் போகலாம் என்பவர்களுக்குச் சுருக்கமாக. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக அதியமான்கோட்டை வரும் 844ஆம் நெடுஞ்சாலை கிருஷ்ணகிரி நெரிசலைத் தவிர்க்கும், தொப்பூரைத் தவிர்க்காது. தொப்பூர் கணவாய் அடைத்துக்கொண்டால் சேலம் போக இரண்டாவது வழி அரூர், மஞ்சவாடிக் கணவாய் (179ஏ). கிருஷ்ணகிரியிலிருந்தே திரும்புவதென்றால் ஊத்தங்கரை வரை 77, அங்கிருந்து 179ஏ. மேட்டூர், பவானி, ஈரோடு போகிறவர்களுக்குத் தொப்பூரிலேயே 544எச் பிரிகிறது. அதற்கும் கணவாயைத் தொட்டே ஆக வேண்டும்.

கார்த்திகை ஒன்றாம் தேதி முதல் மகரவிளக்கு வரை பெங்களூரு, ஆந்திரப் பக்கத்து ஐயப்ப பக்தர் வண்டிகள் தொப்பூர் வழியாகச் செல்லும் 44ஆம் நெடுஞ்சாலையில் கூடும். பொங்கலுக்கு முந்தைய இரண்டு இரவும் பெங்களூரிலிருந்து தெற்கே போகும் கூட்டம். அந்த இரவுகளில் தக்காளி லோடு ஏற்றுகிறவர்கள் மாலை 5 மணிக்குள் கணவாயைத் தாண்டிவிடுவது மேல். இறக்கத்தில் நியூட்ரலில் விடும் லாரிக்குப் பின்னால் போகாதீர்கள். பிரேக் சூடேறி நிற்காமல் போவது அங்கே வழக்கமான விபத்து.

---

மனுக்காரர்

யாரிடம் சொல்வது என்பதற்கு முதலில் கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, கூப்பிட வேண்டிய எண் 1033. பச்சை மாநில நெடுஞ்சாலை. ஆரஞ்சு என்றால் கிராமச் சாலை, ஊராட்சி ஒன்றிய அலுவலகம். நீங்கள் சொன்னது மாவட்ட இதரச் சாலை, மாநில நெடுஞ்சாலைத் துறையின் கீழ் வரும். உதவிப் பொறியாளர், அவருக்குமேல் உதவிக் கோட்டப் பொறியாளர், கோட்டப் பொறியாளர். குழிகளுக்கு அத்துறையின் "நம்ம சாலை" செயலியில் படம் எடுத்துப் போடலாம். முதல்வரின் உதவி மையம் 1100.

மனுவில் "சாலையைச் சீக்கிரம் போடவும்" என்று எழுதினால் "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்றுதான் பதில் வரும். மேலே இவர்கள் சொன்னதை அப்படியே எழுதுங்கள்: கல்வெர்ட்டை ஒட்டிய 200 மீட்டர் பள்ளத்தை நிரப்பி ஒற்றைப் பாதையைப் பாதியாக்கவும், மீதிப் பள்ளத்துக்கு 25 மீட்டருக்கு ஒரு வடிகால் வெட்டவும், காலை 6.30 முதல் இரு முனையிலும் கொடிக்காரர். 600 மீட்டர் வெட் மிக்ஸ்மேல் டி.பி.எம். எந்தத் தேதியில்? நாலே வரி, நாலுக்கும் நேரான பதில் சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்தால் எண் போட்ட ரசீது கிடைக்கும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். கேட்க வேண்டியது: ஒப்பந்தப்படி தொடங்கும், முடியும் தேதி, கால நீட்டிப்புக் கேட்டிருக்கிறார்களா, என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள், போக்குவரத்து மேலாண்மைத் திட்டத்தின் நகல், வெட் மிக்ஸ் அடர்த்திச் சோதனைப் பதிவேடு. காரணத்தில் "குளிர்" என்று எழுதியிருந்தால் 10 டிகிரி விதியை இணைத்து மேலதிகாரிக்கு மனு போடலாம். பலருக்குத் தெரியாதது, அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவு வேலையை நேரில் ஆய்வு செய்யவும், சான்றளித்த மாதிரிப் பொருள் எடுக்கவும் உரிமை கொடுக்கிறது. டி.பி.எம். போட்ட பிறகு கனம் அளக்க கோர் கட்டிங் (சாலையைத் துளைத்து எடுக்கும் மாதிரி) எடுக்கும் நாளைக் கேட்டு வாங்கிக் கூடவே நில்லுங்கள்.

---

ராகிக்களி

ஒரே ஒரு சந்தேகம். பள்ளத்தின் ஓரத்தில் சுண்ணாம்பு அடித்த கல் வரிசை வைத்திருக்கிறார்கள், நடுவில் சிவப்பு ரிப்பன். இது போதுமா?

---

பச்சைக்கொடி

போதாது. மார்கழி மூடுபனியில் 5 முதல் 8 வரை வெள்ளைக் கல் கண்ணுக்கே தெரியாது, பனியும் வெள்ளை. ரிப்பன் இரண்டு நாளில் அறுந்து தரையில் கிடக்கும். கல்மேல் பைக் ஏறினால் கல்லே ஆளைத் தூக்கிப் பள்ளத்தில் போடும். பாதி வரை மணல் நிரப்பிய பிளாஸ்டிக் டிரம் 5 மீட்டருக்கு ஒன்று, இரண்டரையடி உயரத்தில் ஒளி திருப்பும் டேப் சுற்றி வைக்க வேண்டும். நேர்ப்பகுதியில் 10 மீட்டருக்கு ஒன்று இருந்தாலும் சமாளிக்கலாம். இரண்டு முனையிலும் மினுக்கும் சிவப்பு விளக்கு. சோலார் விளக்கு என்றால் அடைமழை நாளில் சார்ஜ் ஏறாது, பேட்டரியில் ஓடுவதாகக் கேளுங்கள்.